சிவப்பு நின்ற இரண்டு குழாய்கள்

மாங்காயின் காம்பை ஒடித்தால் பீய்ச்சியடிக்கும் பாலுக்கு எங்கள் பக்கம் சொனை என்று பெயர். உதட்டில் பட்டால் தோல் வெந்துவிடும். கிருஷ்ணகிரியில் வளர்ந்த பிள்ளைகளில் ஒரு தடவையாவது வாயோரம் கறுத்துப்போகாதவர்கள் கிடையாது. எனக்கு மூன்று தடவை. அந்தச் சனியனைப் பாட்டில் பாட்டிலாகச் சேர்த்துவைத்துக்கொண்டு, "இதுலேருந்து மருந்து எடுக்கப் போறேன்" என்று ஒருவர் சொன்னால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தாடையைத் திருப்பி, அங்கிருந்த கறுப்புத் தழும்பைக் காட்டினார்.

அறுபத்தேழில் ஆட்சி மாறியதற்கு அடுத்த வருஷம் அது. பி.எஸ்ஸி. முடித்திருந்த எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார் அப்பா. என் வாய்க்கும் பொறுமைக்கும் டீச்சர் வேலை சரிப்படாது என்று எனக்கே தெரியும். குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் கிருமிச் சோதனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானே போய் நின்றேன். மாட்டு மடிக்குத் தடவும் களிம்பு, மனிதர் புண்ணுக்குத் தடவும் களிம்பு, இரண்டும் அங்கே செய்தார்கள். முதலாளி பெங்களூர்க்காரர். சனிக்கிழமை தோறும் ஓசூர் வழியாகக் காரில் வந்து, எல்லாரையும் ஒரு சுற்றுச் சத்தம் போட்டுவிட்டுப் போவார்.

தழும்புக்காரர்தான் அங்கே கெமிஸ்ட். முப்பது வயதிருக்கும். வீட்டுப் பேச்சு கன்னடம். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத வராது. நாகரசம்பட்டித் தோப்பில் மாங்காய் பறிக்கிறவர்கள் அவரிடம் ஒன்று சொல்லியிருந்தார்கள்: சொனை பட்ட இடம் வெந்துபோகும், ஆனால் சீழ் வைக்காது. அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று மாங்காய் சீசனாக அலைந்து, பாலைச் சேர்த்து, அதிலிருந்து மஞ்சளாக ஒரு எண்ணெயைப் பிரித்து எடுத்துவைத்திருந்தார். மொத்தமாகச் சேர்த்தால் ஒரு டம்ளர் இருக்கும். அது கிருமியைக் கொல்கிறது என்று நிரூபித்தால் அவருக்கு அங்கே வேலை உண்டு. இல்லையென்றால் அந்த மேஜையே எடுக்கப்படும் என்று முதலாளி சொல்லியிருந்தார். நிரூபிக்க வேண்டியது நான்.

சோதனை ஒன்றும் பிரமாதமில்லை. மாட்டிறைச்சியைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சூப்பில் கொஞ்சம் சர்க்கரை, ஒரு சொட்டுச் சிவப்புச் சாயம். அதை எட்டுக் குழாய்களில் ஊற்றி, முதல் குழாயில் மருந்தை நிறையவும், அடுத்ததில் அதில் பாதியும், அதற்கடுத்ததில் அதிலும் பாதியுமாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு எல்லாவற்றிலும் கிருமியைச் சொட்டுவிட்டு, பல்பு எரியும் மரப்பெட்டியில் உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைக்க வேண்டும். கிருமி பிழைத்தால் சர்க்கரையைத் தின்று சூப்பைப் புளிக்கவைக்கும், சிவப்பு மஞ்சளாகிவிடும். செத்தால் சிவப்பு சிவப்பாகவே நிற்கும். மாங்காய் மஞ்சளானால் ஊருக்குக் கொண்டாட்டம், குழாய் மஞ்சளானால் எங்களுக்கு இழவு.

இறைச்சி வாங்கி வருவதை வேதக்காரப் பெண்தானே, கிறிஸ்தவ வீட்டில் மாட்டுக்கறி உண்டுதானே என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் சூப் காய்ச்சும் நாளில் கெமிஸ்ட் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். சுத்த சைவம். "நமக்கு மோர்சாதம், கிருமிக்கு விருந்தா மிஸ்?" என்று அங்கிருந்தே கேட்பார்.

சிக்கல் அந்த எண்ணெயில் இருந்தது. சூப்பில் விட்டால் மேலே போய் ஒரு வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். கீழே கிருமிகள் பாட்டுக்குத் தின்று பெருகிக்கொண்டிருக்கும். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்க நடுவில் ஒரு சரக்கு வேண்டும். புத்தகத்தில் அதற்கு எமல்சிஃபையர் என்றிருந்தது. நாங்கள் தரகர் என்போம். சம்பந்தம் பேசி முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற தரகராக இருக்க வேண்டும், அவரே மாப்பிள்ளையாகி மணையில் உட்கார்ந்துவிடக் கூடாது. அதாவது, கிருமியை அது தானாகக் கொல்லக் கூடாது. அதற்குத்தான் மருந்து போடாமல் தரகரை மட்டும் போட்டு ஒரு வெறுங்குழாய் வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை. கல்லூரியில் படித்ததுதான்.

கம்பெனியில் பீப்பாய் பீப்பாயாக மென்சோப்பு இருந்தது. அதைக் கரைத்துவிட்டால் எண்ணெய் சமர்த்தாகக் கலந்துகொண்டது. வெறுங்குழாயும் வைத்தேன். ஆனால் அன்று என் கையில் இருந்தது குடல்கிருமி மட்டும். புண் மருந்துக்குச் சோதிக்க வேண்டிய சீழ்க்கிருமி பெங்களூரிலிருந்து வரவேண்டியிருந்தது. அது பஸ்ஸில்தான் வரும்: பஞ்சு சுற்றிய குழாயை பிஸ்கட் டின்னில் வைத்து கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். அவரும் யாரோ கல்யாணத்துக்கு அனுப்பின சாமான் என்று நினைத்து மடியில் வைத்துக்கொண்டு வருவார். அந்த வாரம் டின் வர மூன்று நாள் தாமதம். அதற்குள் குடல்கிருமியில் சோப்பை மட்டும் விட்டுப் பார்த்தேன். குழாய் பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது. கிருமி நன்றாக இருக்கிறது, சோப்பு ஒரு கெடுதலும் செய்யவில்லை, தரகர் யோக்கியர் என்று நோட்டில் எழுதிவிட்டேன்.

டின் வந்தது ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால். பூஜைக்கு முதலாளி வருகிறார். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். எனக்கு நோட்டைத் திருப்பிப் பார்க்கவும் பொறுமையில்லை. சீழ்க்கிருமியை எடுத்து நேராக எட்டுக் குழாயிலும் விட்டுப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் திறந்தால் எட்டும் சிவப்பு.

கெமிஸ்ட் ஒவ்வொரு குழாயாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். கடைசிக் குழாயில் இருந்த மாம்பால் எண்ணெய் ஊசிமுனை அளவுகூட இராது, அதுவும் சிவப்பு. "ஆய்த்து" என்றார் கன்னடத்தில், முடிந்தது என்று. கண் கலங்கியிருந்தது. பூஜையன்று முதலாளியே குழாய்க்கட்டைக்குக் குங்குமம் வைத்தார். பாத்திரம் கழுவுகிற அம்மா கிருமிப் பெட்டிக்கு மாலை போட்டார். கெமிஸ்ட் தன் கையால் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார், எனக்கு இரண்டு.

பூஜை முடிந்து, அதே சோதனையை ஒழுங்காக நோட்டில் ஏற்றுவதற்காகத் திரும்பச் செய்தேன். சூப் ஒரு குழாய் அளவுக்கு மிஞ்சியது. கொட்டுவானேன் என்று அதில் சோப்பை மட்டும் விட்டு, சீழ்க்கிருமியைச் சொட்டிவைத்தேன். காலையில் வந்து பார்த்தால் மருந்தே இல்லாத அந்தக் குழாயும் சிவப்பு. நம்பாமல் மறுபடி செய்தேன். மறுபடியும் சிவப்பு. குடல்கிருமியைத் தொடாத சோப்பு சீழ்க்கிருமியைச் சுருட்டி எறிந்திருக்கிறது. யோக்கியர் என்று நான் எழுதிக்கொடுத்த தரகர்தான் அத்தனை நாளும் மணையில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, சொல்லாமலே விட்டால் யாருக்குத் தெரியும் என்றும் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன். நினைத்தேன். மறுநாள் அவர் தண்ணீர்த் தொட்டியோரம் குடுவை அலம்பிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"சார், வெறும் சோப்புக்கே சாவுது."

"எது?"

"சீழ்க்கிருமி. மாம்பால் இல்லாமலே."

"வெறுங்குழாய் வச்சீங்களே மிஸ்?"

"வச்சேன். குடல்கிருமில வச்சேன். இதுல வைக்கல."

அவர் குடுவையைக் கவிழ்த்துவைத்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க" என்றார். சனிக்கிழமை அப்படியே சொன்னார், தப்பு தன்னுடையது என்று. பக்கத்து அறையில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். அந்தக் காலத்தில் இதைச் சொல்ல வாயில்லை. சொல்லியிருந்தாலும், மாட்டு சூப் காய்ச்சும் பெண்ணை அவர் வீட்டில் வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டார்கள். இப்போது சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

முதலாளி அலட்டிக்கொள்ளவே இல்லை. "சாவுதில்லப்பா? சோப்புல செத்தா என்ன, மாம்பால்ல செத்தா என்ன? டப்பா மேல மாம்பழம் படம் போட்டுடலாம்."

"அப்போ சோப்பையே விக்கலாம் சார்" என்றார் கெமிஸ்ட்.

முதலாளி சிரித்துவிட்டு, "பொங்கல் வரைக்கும் டைம். சோப்பு இல்லாம சாவடிச்சுக் காட்டு" என்று காரில் ஏறினார்.

அப்புறம் மூன்று மாதம் தரகர் வேட்டை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறெப்போதும் இருந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. பாத்திரம் கழுவுகிற அம்மா, "பூந்திக்கொட்டைய ஊற வச்சுப் பாரு பாப்பா, நுரைன்னா நுரை" என்று ஒரு கை கொண்டுவந்து கொடுத்தார். நுரைத்தது, எண்ணெயைக் கலக்கவும் செய்தது, கிருமியை அதுவே அமுக்கவும் செய்தது. சரிதான், இவரும் மாப்பிள்ளை. கருவேலம் பிசின் பரம சாது. கிருமிக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் மத்தியானத்துக்குள் எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிடும். கறிக்கடைக்காரரிடம் கேட்டு பித்தநீருக்காக மாட்டுப் பித்தப்பையை அப்படியே வாங்கினேன். தேக்கிலையில் கட்டிப் பையில் வைத்திருந்தும் பஸ் முழுக்க வாடை.

"ஏம்மா, பையில இன்னா வச்சிக்கினு வர?" என்றார் கண்டக்டர்.

"மருந்துங்க."

"ஆருக்கு?"

"கிருமிக்குங்க."

பெண்ணுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார், அப்புறம் என்னிடம் டிக்கெட்டுக்கு மேல் பேசவில்லை. அத்தனை அவமானமும் வீண். பித்தநீரும் சீழ்க்கிருமியைத் தானே கொன்றுவிட்டது. இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிருமியிலும் வெறுங்குழாய் வைத்தேன். வைக்காமல் ஒரு துளி மருந்தைத் தொடவில்லை. சூடு கண்ட பூனை நான்.

மார்கழி பிறந்ததும் கெமிஸ்ட் பெங்களூர் போய், தலைக்குப் பூசும் கிரீம் செய்கிற இடத்தில் வேலை பார்த்த சிநேகிதரிடமிருந்து ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்தார். தேன் நிறம், பிசுபிசுப்பு. பாலிசார்பேட் என்று சீட்டு ஒட்டியிருந்தது. "அவன் புலம்பறான் மிஸ். இத கொஞ்சம் கூடப் போட்டா கிரீம்ல பூஞ்சை புடிச்சிடுதாம். எவ்வளவு பிரிசர்வேட்டிவ் போட்டாலும் கேக்க மாட்டேங்குதாம்" என்றார். எங்களுக்கென்ன கிரீமைப் பற்றி? சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தோம்.

பாட்டில் தங்கம். எண்ணெயைத் துளியும் பிரியவிடாமல் பிடித்துக்கொண்டது. இரண்டு கிருமியும் அதில் குஷியாக வளர்ந்தன. இவர்தான் நாம் தேடின தரகர் என்று இரண்டு பேரும் குதித்தோம். தாராளமாக விட்டு, மாம்பாலைக் கலந்து, எட்டுக் குழாய் வைத்தேன்.

எட்டும் மஞ்சள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து மோவாய்த் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்போ இதுல ஒண்ணுமே இல்ல மிஸ். மூணு வருஷம் சும்மா சொனைய நோண்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தால்கூடப் பரவாயில்லை. இது வெண்ணெயே இல்லை என்று சொல்வது போல இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபம் வரும். "ஒரு தடவ மஞ்சளானா உடனே கைய விரிச்சிடுவீங்களா?" என்று கத்திவிட்டேன்.

கத்தின வேகத்தில்தான் அந்தக் கிரீம் ஞாபகம் வந்தது. கூடப் போட்டால் பூஞ்சை. ஏன் பூஞ்சை? பிரிசர்வேட்டிவை இந்தச் சரக்கு விழுங்கிவிடுகிறது. தரகர் ஒருவர் வந்தால் சம்பந்தம் முடியும். ஒரு கூட்டமே வந்தால் பெண்ணைச் சுற்றி நின்றுகொண்டு வெளியே தலைகாட்ட விடமாட்டார்கள். நான் ஊற்றினது கூட்டம். எண்ணெய் உள்ளே மாட்டிக்கொண்டு கிருமியைத் தொடவே இல்லை.

அன்றிலிருந்து குறைத்தோம். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும்வரை. ரொம்பக் குறைத்தால் எண்ணெய் பிரிந்துவிடுகிறது. பிரியாமலிருக்க ஒரே வழி, அரை மணிக்கு ஒரு தரம் குலுக்குவது. குலுக்க மிஷினுக்கு எங்கே போவது? பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நானும் அவரும் மாற்றி மாற்றிக் குலுக்கினோம். குழாய்க்கட்டையை இரண்டு கையிலும் பிடித்து, அரிசி புடைப்பது போல. அவர் குலுக்கும்போது நான் சாப்பிட்டேன். நான் குலுக்கும்போது அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தாளத்துக்குக் கன்னடத்தில் எண்ணினார். அந்த எண்கள் எனக்கு இன்னமும் மனப்பாடம்.

சனிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தேன். ஆறு மஞ்சள். மருந்து அதிகமாக இருந்த முதல் இரண்டும் சிவப்பு. பக்கத்தில் தரகர் மட்டும் இருந்த வெறுங்குழாய் பொன் மஞ்சள். இந்தத் தடவை கொன்றது மாம்பால்தான், வேறு யாருமில்லை. அவர் அந்த இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, "நிஜமா?" என்று கேட்டார். "நிஜம் சார்" என்றேன்.

சரியாகச் செய்வதானால் அந்தச் சிவப்புக் குழாய்களை இன்னும் சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும். கிருமி செத்துவிட்டதா, மயங்கித்தான் கிடக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். ஆனால் வாசலில் கார் ஹாரன் கேட்டுவிட்டது.

"எட்டுல ரெண்டுதானா?" என்றார் முதலாளி. "சோப்புல எட்டும் செத்துச்சே. போப்பா, சோப்புலயே போட்டுடலாம். மாம்பழம் படத்துக்கு ஆர்டர் குடுத்தாச்சு."

"அந்த டப்பாவுல என் கையெழுத்து இருக்காது சார்."

"அப்போ இங்க நீ எதுக்கு?"

"அதான் சார், நானும் யோசிக்கிறேன்" என்றார் கெமிஸ்ட். சத்தமே போடாமல் சொன்னார். முதலாளிக்கு அதுதான் தாங்கவில்லை.

பொங்கல் கழித்து வந்து கணக்குத் தீர்த்துக்கொண்டார். ஓசூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்னிடம் சொன்னார்: "வேல போனா போவுது மிஸ். அது பொய் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அந்த ரெண்டு குழாய் போதும் எனக்கு." பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். கையசைக்கக்கூட எனக்கு வரவில்லை; பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சோதனை முடிந்த குழாய்களைக் கொதிக்கவைத்துக் கழுவக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அந்த இரண்டை மட்டும் நான் கொடுக்கவில்லை. ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று பெட்டியின் மூலையில், பல்புக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். அவர் போன மூன்றாம் நாள் ஆசையாக எடுத்துப் பார்த்தேன். ஒன்று மஞ்சளாகியிருந்தது. மறுநாள் இன்னொன்றும்.

கிருமி சாகவில்லை. மயக்கம் தெளிந்து எழுந்துவிட்டது.

அவர் மைசூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானார். வருஷம் தவறாமல் பொங்கலுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் வரும். ஒரு வருஷம் இப்படி எழுதியிருந்தார்: ஒவ்வொரு ஜூனிலும் முதல் நாள் வகுப்பில் பையன்களுக்கு நான் உங்கள் கதையைத்தான் சொல்கிறேன். சோப்பு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஆனால் அவராகவே வந்து சொன்னார், அப்படிப்பட்டவர் காட்டினதால்தான் அந்த இரண்டு குழாய்களை இன்றைக்கும் நம்புகிறேன் என்று சொல்வேன்.

அந்த இரண்டும் பிற்பாடு மஞ்சளானதை நான் அவருக்கு எழுதியதே இல்லை. அன்றைக்கும் ஒரு கார்டு எடுத்து, எல்லாரும் சௌக்கியம், இந்த வருஷம் நாகரசம்பட்டித் தோப்புகளில் மா நன்றாகப் பூத்திருக்கிறது என்று எழுதி, தபாலில் போட்டேன்.